எந்த மாத்திரை, அக்கா?

வள்ளூர் அனல்மின் நிலையத்தில் மூன்று யூனிட்டுகள், ஒவ்வொன்றும் 500 மெகாவாட். இரவும் பகலும் ஓடும் நிலையம் என்பதால் அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் பல வீடுகளில் சமையலும் தூக்கமும்கூட ஷிஃப்ட் கணக்குதான். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டிய கருத்தடை மாத்திரைக்கு இதைவிடத் தோதில்லாத ஊர் அமைவது கஷ்டம்.

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதைச் செய்துகொண்டவர்கள். மாத்திரையிலேயே காலம் தள்ளுபவர்கள் மிகச் சிலர். அதனால் நாற்பதைத் தாண்டிய ஒருத்திக்கு மாத்திரை போடும்போதே மாதவிடாய் தாறுமாறானால், விசாரிக்க ஆள் கிடைப்பதில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால், “நின்னுபோற வயசு, அப்படித்தான் இருக்கும்” என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்த மாத்திரை?

அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள். ஹார்மோன் உள்ளவை 21, மீதி 7 வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில் படுவது உண்மையான மாதவிடாய் அல்ல. ஹார்மோன் நின்றதால் வரும் உதிரப்போக்கு. கருப்பையின் உள்சவ்வு மெலிந்திருப்பதால் குறைவாகத்தான் படும். அழுக்கு உள்ளேயே தங்கிவிட்டது என்று பயப்பட ஒன்றுமில்லை. தொடங்கிய முதல் மூன்று மாதம் இடையிடையே திட்டுத்திட்டாகப் படுவதும் சகஜம். அதன் பிறகும் நடுமாதத்தில் பட்டால், நைட் ஷிஃப்டில் ஓரிரு மாத்திரை விட்டுப்போனதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சாயா என்ற கருத்தடை மாத்திரை வேறு ரகம். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்த் குழு கண்டுபிடித்த, ‘சஹேலி’ என்ற பெயரில் கடைக்கு வந்த அதே மருந்து. ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. இது மாதவிடாயைத் தள்ளிப்போடும், போக்கையும் குறைக்கும். 15 நாளுக்கு மேல் தள்ளினால் கர்ப்பமா என்று பார்த்துவிட வேண்டும். இதே மருந்தைக் கூடுதல் அளவில், நாற்பதுகளில் வரும் அதிக உதிரப்போக்குக்கே மருத்துவர்கள் எழுதுகிறார்கள்!

மூன்றாவது, திருவிழாவுக்கும் கோயிலுக்கும் மெடிக்கலில் வாங்கிப் போடும் ‘தள்ளிப்போடுற மாத்திரை’. அது நாரெதிஸ்டிரோன், கருத்தடைக்கு ஆகாது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கொட்டும். மாலா-என் போடுபவர் நடுவில் இதையும் சேர்த்துக்கொண்டால், மாதக் கணக்கு குழம்பாமல் என்ன செய்யும்?

எனக்கு உறுத்துவது வேறு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கருத்தடை மாத்திரையோ பீரோவுக்குள் துணி அடுக்கின் அடியில். இரண்டும் ஒரே உடம்புக்குள் போகின்றன என்பது சீட்டில் ஏறுவதே இல்லை. இரத்த அழுத்தம் உள்ளவருக்கு மாலா-என் போன்ற கூட்டு ஹார்மோன் மாத்திரை பொதுவாக ஏற்றதல்ல. 35 வயதைக் கடந்து புகைப்பவருக்கும், கண்ணில் பூச்சி பறந்து ஒற்றைத் தலைவலி வருபவருக்கும் அப்படியே. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டாலோ கருத்தடை மாத்திரையின் வீரியமே குறைந்துவிடும். அப்போது இடையில் படுவதை எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பத்துக்கும் வழியுண்டு.

பல வருடம் ஒழுங்காக வந்தது திடீரென்று மாறினாலும், ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் பேடு நனைந்தாலும், கட்டி கட்டியாகப் போனாலும், உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலும் வயதின் மேல் பழி போட்டுக் காத்திருக்கக் கூடாது. கட்டி, தைராய்டு, கருப்பைவாய்ப் புண், அரிதாகப் புற்றுநோய் என்று எதுவும் காரணமாகலாம். பொன்னேரி அரசு மருத்துவமனை இருக்கிறது. மின்சார ரயில் ஏறினால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை இருக்கிறது. போகும்போது தேதி குறித்த காலண்டரையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், பிரஷர் மாத்திரை உட்பட. ஹீமோகுளோபின், தைராய்டு, ஸ்கேன் பார்ப்பார்கள். 45-ஐத் தாண்டியவருக்குக் கருப்பை உள்சவ்வில் துளி எடுத்துச் சோதிப்பதும் உண்டு. எதையும் பார்க்காமல் “கர்ப்பப்பையை எடுத்துடலாம்” என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுக்கலாம்.

மாதவிடாய் நின்றேவிட்டதா என்பதை மாலா-என் போட்டுக்கொண்டிருக்கும்போது கண்டுபிடிக்க முடியாது. மாத்திரைதான் மாதாமாதம் படவைக்கிறது; எஃப்.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனையையும் அப்போது நம்ப முடியாது. அதனால் வேறு நோயில்லாதவர்கள்கூட ஐம்பது வயதில் இதை விட்டு வேறு கருத்தடைக்கு மாறுவதே வழக்கம். அதற்கு முன்பே தானாக நிறுத்தினால், நாற்பத்தெட்டிலும் கரு தங்கக்கூடும்.