கார்ட்லெஸ் டிரில் வாங்கியாச்சா? பேட்டரியைக் கொஞ்சம் கவனியுங்கள்

முன்பெல்லாம் தச்சு வேலைக்கோ ஏசி மாட்டவோ ஆள் வந்தால், வந்ததும் கேட்கும் முதல் கேள்வி "பிளக் பாயின்ட் எங்க சார் இருக்கு?" என்பதுதான். இப்போது அந்தக் கேள்வி குறைந்துவிட்டது. பையிலிருந்து டிரில்லை எடுக்கிறார்கள், பிடியின் அடியில் பேட்டரியைச் செருகுகிறார்கள், வேலை ஆரம்பமாகிவிடுகிறது. திரைச்சீலைக் கம்பி மாட்ட, கட்டிலைப் பூட்ட என்று வீட்டுக்காரர்களும் ஆளுக்கொன்று வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

வயர் இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று எண்ணிக்கொள்வது இந்தக் கருவியைப் பொறுத்தவரை பெரிய தவறு. வயர் வழியாக வந்துகொண்டிருந்த சக்தி இப்போது ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டு, இரவும் பகலும் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. டிரில்லைக் கையாளப் பலருக்கும் தெரியும். பேட்டரியையும் சார்ஜரையும் கையாளத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. எனவே அதைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? நல்ல 18 வோல்ட் பேட்டரி ஒன்றின் உள்ளே சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவதைவிடச் சற்றுப் பருமனான உருளை செல்கள் வரிசையாக நிற்கும். பெரும்பாலும் 18650 என்ற அளவு. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் உயரம். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். ஐந்தைத் தொடராக இணைத்தால் 18. முழுதாகச் சார்ஜ் ஏறியபோது ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு வரும், ஐந்தும் சேர்ந்து 21. செல்களை நிக்கல் பட்டைகள் இணைக்கும். மேலே ஒரு சிறிய சர்க்யூட் போர்டு. அதிலிருந்து மெல்லிய இரண்டு கம்பிகள் கிளம்பிச் செல்களுக்கு நடுவே போகும். அவற்றின் நுனியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மணி ஒட்டியிருக்கும். அதுதான் சூட்டை அளக்கும் உணர்வி. செல் அளவுக்கு மீறிச் சூடானால் சார்ஜருக்குத் தகவல் சொல்லி நிறுத்தவைப்பது அந்த மணிதான்.

இதைத் தெரிந்துகொண்டால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று மூன்று பெட்டிகள் இருந்தால், மூன்றிலும் இருப்பது அதே ஐந்து செல் வரிசைதான். ஒருவர் சராசரி அளவைச் சொல்கிறார், மற்றவர் உச்ச அளவைச் சொல்கிறார், அவ்வளவே. டிவால்ட் நிறுவனம் அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்பதையே ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்கிறது. ஆனால் உள்ளங்கை அளவுப் பேட்டரியின்மேல் 48, 88 என்று பெரிய எண்ணைப் பொறித்து விற்பவையும் உண்டு. 48 வோல்ட் வேண்டுமென்றால் பதின்மூன்று செல்கள் தொடராக இருக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் அத்தனைக்கு இடமே கிடையாது. எண்ணிலேயே பொய் சொல்பவர் உள்ளே பாதுகாப்புப் போர்டை ஒழுங்காக வைத்திருப்பார் என்று நான் நம்பமாட்டேன். நீங்களும் நம்ப வேண்டாம்.

வாங்கும்போது பேட்டரியின்மேல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பதிவு முத்திரையைத் தேடுங்கள். லித்தியம் பேட்டரிக்கான தரம் ஐஎஸ் 16046. கூடவே ஆர் என்ற எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

அடுத்தது சார்ஜர். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பின் செருகும் அளவு ஒன்றாக இருக்கிறது, விளக்கும் எரிகிறது என்பதற்காக ரவுட்டர் அடாப்டரையோ பழைய டிரில்லின் சார்ஜரையோ மாட்டிவிடும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. லித்தியம் செல்லுக்கு இது ஆகவே ஆகாது. சரியான சார்ஜர் முதலில் ஒரே அளவு மின்னோட்டத்தைக் கொடுக்கும், செல் 4.2 வோல்ட்டை நெருங்கியதும் வோல்ட்டேஜை அங்கேயே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் நிறுத்திவிடும். வெறும் அடாப்டருக்கு இந்த ஒழுங்கு தெரியாது. அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். 4.2ஐத் தாண்டித் தொடர்ந்து ஏற்றப்பட்ட செல் உள்ளுக்குள் சிதையத் தொடங்குகிறது, சூடு கூடுகிறது. சுமார் 130 டிகிரியில், செல்லின் இரு துருவங்களையும் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் உருகும். பிறகு சூடு தானே சூட்டை வளர்க்கும். ஒரு செல்லில் பிடித்தது பக்கத்துச் செல்லுக்குத் தாவும். கருவியோடு வந்த சார்ஜர் கெட்டுவிட்டால், அதே மாடலுக்கான சார்ஜரையே வாங்குங்கள். விலை கூடுதலாக இருந்தாலும் இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகள் அப்பாவுக்கு நல்ல டிரில் செட் ஒன்றை ஆசையாகக் கொண்டுவருவது இப்போது சகஜம். பேட்டரியும் டிரில்லும் இங்கே எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடும். ஆனால் அந்த ஊர் சார்ஜர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டது. பின் அடாப்டர் ஒன்றைப் போட்டு நம் 230 வோல்ட்டில் சொருகினால் அடுத்த நொடியே உள்ளே வெடித்துப் புகைவிடும். சார்ஜரின் அடிப்பக்க லேபிளைப் படித்துவிட்டுச் சொருகுங்கள். 100-240 என்று போட்டிருந்தால் சரி. 120 என்று மட்டும் இருந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு, அதே கம்பெனியின் இந்தியச் சார்ஜரை வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டுவருபவர்களுக்கு ஒரு சேதி: கழற்றிய பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரி 90 வாட்-அவர் என்பதால் அந்த வரம்புக்குள் வந்துவிடும். டிரில்லைக் கைப்பையில் விடமாட்டார்கள், அது பேட்டரி இல்லாமல் செக்-இன் பெட்டியில் போகட்டும்.

கட்டுமான இடங்களில் ஜெனரேட்டரில் சார்ஜ் போடுவதும் வழக்கம். அதன் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் என்பதால், ஜெனரேட்டரில் மாட்ட வேண்டாம் என்று சில கம்பெனிகளின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. மாற்று பேட்டரி ஒன்றைக் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்ல வழி.

இனி வெயில். பெரும்பாலான கம்பெனிகள் 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடாதே, 50 டிகிரிக்கு மேலுள்ள இடத்தில் வைக்காதே என்கின்றன. குளிர் நாட்டுக்காரருக்கு இது பெயரளவுக்கான எச்சரிக்கையாக இருக்கலாம். வேலூர், திருத்தணி, கரூர்க்காரர்களுக்கு அக்னி நட்சத்திரத்தில் இது அன்றாட நிலவரம். கதவடைத்து வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும், பைக்கின் பெட்டிக்குள்ளும் 50 டிகிரி சர்வசாதாரணமாகத் தாண்டும். மொட்டை மாடித் தகர ஷெட்டும் அப்படித்தான். வேலை முடித்துவிட்டுச் சாப்பிடப் போகும்போது பேட்டரியை மட்டுமாவது நிழலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கான்கிரீட்டில் நாலைந்து ஓட்டை போட்டதும் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள், நன்றாகச் சுடும். அந்தச் சூட்டோடு சார்ஜரில் வைத்தால் நல்ல சார்ஜர் ஏற்காமல் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். மலிவான சார்ஜர் கேள்வி கேட்காமல் ஏற்றும். எனவே அரைமணி நேரம் ஆறவிடுங்கள். அவசரத்துக்கு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

சார்ஜ் போடும் இடம் தரையாகவோ கல் மேடையாகவோ இருக்கட்டும். மெத்தை, அட்டைப்பெட்டி, மரத்தூள் குவிந்த பட்டறை மேசை, தின்னர் டப்பா பக்கம் வேண்டவே வேண்டாம். வாசற்படியை அடைத்தபடியும் வைக்காதீர்கள். ஏதாவது நடந்தால் நீங்கள் வெளியேற வேண்டிய வழி அது. ராத்திரி சொருகிவிட்டுத் தூங்குவதைவிட, கண்ணில் படும் நேரத்தில் போட்டு, நிறைந்ததும் எடுத்துவிடுவதே மேல். ஒரு மணி, ஒன்றரை மணி நேர வேலைதான் அது.

"முழுசா இறக்கிட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்ற பேச்சைப் பழைய மெக்கானிக்குகளிடம் அடிக்கடி கேட்கலாம். அவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிளாக் அண்ட் டெக்கர் 1961இல் கொண்டுவந்த முதல் கார்ட்லெஸ் டிரில்லிலிருந்து பல பத்தாண்டுகள் இக்கருவிகளில் இருந்தது நிக்கல்-காட்மியம் பேட்டரி. அதற்கு அந்தப் பழக்கம் பொருந்தியது. சோனி 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயன், 2005 வாக்கில்தான் டிரில்களுக்குள் நுழைந்தது. இதற்கு நேர்மாறான கவனிப்பு வேண்டும். டிரில் தளர ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டுச் சார்ஜ் போடுங்கள். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில், சார்ஜரிலிருந்து எடுத்து, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

அடியோடு இறங்கிப் போன பேட்டரியைச் சார்ஜர் ஏற்க மறுக்கும். அப்போது இன்னொரு பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்து "ஜம்ப்" கொடுத்து எழுப்பும் வித்தையை வீடியோக்களில் காட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். செல் அளவுக்கு மீறி இறங்கிக் கிடந்தால் அதற்குள்ளிருக்கும் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி ஏற்றும்போது கரைந்த செம்பு உள்ளே வேறு இடத்தில் படிந்து ஷார்ட் ஆக்கலாம். சார்ஜர் மறுப்பது அதற்காகத்தான்.

செல் மாற்றிக் கொடுக்கும் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுப் பேட்டரி விலைக்குப் பாதியில் வேலை முடிகிறது என்பதால் தினக்கூலிக்காரர் அங்கே போவதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒரே வகை, ஒரே தொகுதிப் புதுச் செல்களை, டிரில்லின் மின்னோட்டத்தைத் தாங்கக்கூடியவையாகப் பார்த்து, ஸ்பாட் வெல்டிங் செய்து, பழைய பாதுகாப்புப் போர்டும் சூட்டு உணர்வியும் இருந்தபடியே பொருத்திக் கொடுப்பவர் என்றால் செய்துகொள்ளலாம். பழைய லேப்டாப்பில் உருவிய செல்களை சால்ட்ரிங் வைத்து ஒட்டி, போர்டை விலக்கி "டைரக்ட்" கொடுக்கும் இடமென்றால் அங்கே கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் இதைக் கேட்டாலே போதும், எதிரில் இருப்பவர் பதிலில் தெரிந்துவிடும்.

வேலைப் பையில் ஆணி, ஸ்க்ரூ, பிட்டுகளோடு பேட்டரியை அப்படியே போடுவதும் ஆபத்துதான். நீளமான ஸ்க்ரூ ஒன்று இரு டெர்மினல்களுக்கும் குறுக்கே விழுந்தால் போதும், நொடியில் அந்த ஸ்க்ரூ பழுத்துச் சிவக்கும் அளவுக்கு மின்னோட்டம் பாயும். பேட்டரியோடு வரும் பிளாஸ்டிக் மூடியைப் பலரும் பெட்டியைப் பிரித்த அன்றே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது இல்லையென்றால் தனித் துணிப்பையாவது போடுங்கள்.

வெள்ளத்தில் ஊறிய பேட்டரியை வெயிலில் காயவைத்துச் சார்ஜ் போடவே கூடாது. சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தளப் பட்டறைகள் மூழ்கின. இப்படி நனைந்த பேட்டரி வெளியே உலர்ந்திருக்கும். உள்ளே போர்டில் உப்பும் சேறும் படிந்து மெல்ல அரித்துக்கொண்டிருக்கும். பல நாள் கழித்தும் பற்றிக்கொள்ளக்கூடும்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம். பிட் மாற்றும்போதும் பிளேடு மாற்றும்போதும் பேட்டரியைக் கழற்றுங்கள். வயர் டிரில்லில் பிளக்கைப் பிடுங்கிய கை, இதில் மறந்துவிடுகிறது. மின்தடை வந்தாலும் இது ஓடும், குழந்தை அழுத்தினாலும் ஓடும். முன்னும் பின்னும் சுற்றவைக்கும் பட்டனை நடுவில் நிறுத்தினால் சுவிட்ச் பூட்டிக்கொள்ளும், பையில் வைக்கும்போது அப்படி வையுங்கள். சுற்றும் பிட்டுக்கு அருகே கையுறை, தோள் துண்டு, தொங்கும் துப்பட்டா மூன்றுமே ஆகாது. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

சுவரில் ஓட்டை போடும்போது சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் போடாதீர்கள். உள்ளே பைப்பில் வயர் போகும். பிட் அதைத் தொட்டால் பேட்டரி டிரில்லாக இருந்தாலும் வீட்டு மின்சாரம் பிட்டைப் பிடித்திருக்கும் உலோகச் சக்குக்கு வந்துவிடும். கார்ட்லெஸ்ஸின் உண்மையான பாதுகாப்பு வசதி ஒன்று இங்கேதான் இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை: மெயினை அணைத்துவிட்டே ஓட்டை போடலாம்.

டிரில்லோடு கிரைண்டரும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு இஞ்ச் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டி, அதற்கு இடம் போதவில்லை என்று இரும்புக் காப்பைக் கழற்றி எறிவது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றும் பிளேடு மரத்தில் சிக்கினால் கருவி கையை மீறித் திரும்பும். விரல் போவது இப்படித்தான். மரத்துக்குச் சர்க்குலர் சா இருக்கிறது. இரும்பு வெட்டும் டிஸ்க்கின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் அடித்திருக்கும், பார்த்து வாங்குங்கள்.

சும்மா இருக்கும்போதே சுடுகிற பேட்டரி, இனிப்பான பெயின்ட் வாடை வீசும் பேட்டரி, ஏணியிலிருந்து விழுந்து விரிசல் விட்ட பேட்டரி, இவற்றை உடனே வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். சீறல் சத்தமோ புகையோ வந்துவிட்டால் கையில் எடுக்காதீர்கள். முடிந்தால் மெயினை அணையுங்கள். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 101க்கோ 112க்கோ அழையுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளூரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும், ஒரு மூச்சுகூட இழுக்கக்கூடாது. மண்ணோ போர்வையோ போட்டு மூச்சடைத்து அணைக்க முடியாது, செல் எரியும்போது தனக்குள்ளிருந்தே ஆக்சிஜனை விடுகிறது. பவுடர் அணைப்பான் சுடரை அடக்கினாலும் உள்சூடு மறுபடி பற்றவைக்கும். சிறிய பேட்டரி, மின் இணைப்பு துண்டித்தாயிற்று, திறந்த வெளி என்றால் தள்ளி நின்று நிறைய தண்ணீர் அடித்துக் குளிரவைப்பதுதான் வழி.

ஆயுள் முடிந்த பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். வண்டிக்குள் குப்பையை அழுத்தும்போது செல் நசுங்கித் தீப்பிடிக்கும். அந்த வண்டியில் ஒரு தூய்மைப் பணியாளர் நின்றுகொண்டிருப்பார். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. மற்ற குப்பையிலிருந்து பிரித்துக் கொடுப்பது நம் பொறுப்பு. டெர்மினல்கள்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ பதிவுபெற்ற மின்கழிவுச் சேகரிப்பு மையத்திலோ ஒப்படையுங்கள்.