பூநாரைக்கு நிறம் கொடுக்கும் சேறு

மும்பையின் திலக் நகர் ஸ்டேஷனில் பன்வேல் போகும் ஹார்பர் லைன் ரயிலில் ஏறுங்கள். செம்பூர், கோவண்டி, மான்குர்டு தாண்டியதும் ரயில் ஒரு நீளமான பாலத்தின் மேல் ஓடும். கீழே இருப்பது தாணே கிரீக், கடல் ஊருக்குள் நீண்டு வந்த உப்பங்கழி. கடல் வற்றியிருக்கும் நேரமாக இருந்தால் தண்ணீரைவிடச் சேறுதான் அதிகம் கண்ணில் படும். சிலர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நீங்கள் ஜன்னல் பக்கம் வந்து நன்றாகப் பாருங்கள். மும்பைக்கு ஆயிரக்கணக்கில் வந்து சேரும் பூநாரைகள் தேடி வருவது இந்தச் சேற்றைத்தான்.

பூநாரைகளில் நம் நாட்டில் இரண்டு வகை உண்டு: பெரிய பூநாரை, சிறிய பூநாரை. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது குஜராத்தின் கட்ச் பக்கத்திலிருந்து பறந்து வந்து, மே மாதம்வரை இங்கே தங்குகின்றன. 1990களில்தான் இவை மும்பையில் பெருங்கூட்டமாகக் காணப்பட ஆரம்பித்தன. 2015இல் இந்தக் கழியின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயம் ஆனது. 2022இல் உலகம் மதிக்கும் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

அப்படி என்னதான் இருக்கிறது இந்தச் சேற்றில்?

வெயில் நேரத்தில் சேற்றின் மேல் பொன்பழுப்பாக ஒரு மெல்லிய படலம் மின்னும். அதில் இருப்பவை நுண்பாசிகள். முக்கியமாக டயட்டம் என்னும் ஒருசெல் உயிர்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் பத்து இருபது டயட்டம்களை வரிசையாக நிறுத்திவிடலாம், அவ்வளவு சிறியவை. ஒவ்வொன்றுக்கும் சிலிக்காவால் ஆன ஓடு உண்டு. கண்ணாடி செய்வதும் சிலிக்காவை வைத்துத்தான். அந்த ஓட்டில் இருக்கும் துளை வேலைப்பாட்டை நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி இனிமேல்தான் வருகிறது. சேற்று டயட்டம்கள் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. பகலில் கடல் வற்றியதும் சூரிய ஒளியைப் பிடிக்க மேலே ஏறி வருகின்றன. கடல் ஏற்றம் வருவதற்குச் சற்று முன்பே சேற்றுக்குள் இறங்கிவிடுகின்றன. இல்லையென்றால் அலை அடித்துக்கொண்டு போய்விடும். அலை வரப்போவது அவற்றுக்கு எப்படித் தெரியும்? அப்படிப்பட்ட சேற்றை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய், அலையே இல்லாத தட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் சில நாட்கள்வரை, கடல் வற்றும் நேரத்துக்கு ஏறி, ஏற்ற நேரத்துக்கு இறங்கின. மூளையும் நரம்பும் இல்லாத ஒற்றைச் செல்லுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது!

இந்தப் படலத்தைக் கொக்கால் கொத்தித் தின்ன முடியாது. பூநாரையால் முடியும். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து அலகைச் சேற்றுநீரில் வைக்கும். தடித்த நாக்கு நொடிக்குப் பல முறை முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் உள்ளே சீப்புப் பல்லைப் போல நெருங்கி நிற்கும் தகடுகளில் பாசி தங்கிவிடும். சிறிய பூநாரையின் தகடுகள் மிக மிக நெருக்கமானவை. அதனால் அது டயட்டம்களையும் நீலப்பச்சைப் பாசிகளையுமே பெரும்பாலும் உண்டு வாழ்கிறது. பெரிய பூநாரை சிறு இறால்கள், புழுக்கள், விதைகள் எல்லாவற்றையும் தின்னும். அந்த இறால்கள் தின்றதும் பாசியைத்தான்.

பாசிக்குள் கரோட்டினாய்டு என்னும் நிறப்பொருள் இருக்கிறது. ஒளியைப் பிடிக்கவும், கடும் வெயில் செல்லைக் கெடுக்காமல் காக்கவும் பாசி அதைத் தனக்காகத் தயாரிக்கிறது. பூநாரையால் அதைத் தயாரிக்க முடியாது, தின்று சேர்க்கத்தான் முடியும். சேர்த்ததைக் கல்லீரலில் மாற்றி, இறகுக்கும் காலுக்கும் அனுப்புகிறது. அதுதான் நாம் பார்க்கும் இளஞ்சிவப்பு. குஞ்சு பொரிந்து வரும்போது சாம்பலும் வெள்ளையுமாகத்தான் இருக்கும். நிறம் ஏற இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். தாயும் தந்தையும் தொண்டைப் பையில் சுரக்கும் சிவந்த பாலைக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. ஊட்டி ஊட்டி அவற்றின் நிறமே வெளுத்துப்போவதும் உண்டு.

நுண்பாசி நமக்கும் நிறைய உதவுகிறது. உப்பளங்களில் உப்பு முற்றும் நேரத்தில் பாத்திகள் சில சமயம் சிவந்து போகும். அதற்கு ஒரு காரணம் துனலியெல்லா என்னும் நுண்பாசி. அதிலிருந்து பீட்டா கரோட்டின் எடுக்கிறார்கள். கேரட்டில் இருப்பதும் இதே பொருள்தான். நம் உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். தமிழ்நாட்டில் ஊனையூரில் ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசியைப் பெரிய தொட்டிகளில் வளர்க்கிறார்கள். காய்ந்த ஸ்பைருலினாவின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் புரதம். சில மிட்டாய்களின் நீல நிறமும் அதிலிருந்து வருவதுதான். செத்த டயட்டம்களின் ஓடுகள் லட்சக்கணக்கான ஆண்டுகள் படிந்து உண்டான மண், தண்ணீர் வடிகட்ட உதவுகிறது. அதிர்ந்தாலே வெடிக்கும் நைட்ரோகிளிசரினை ஆல்ஃபிரட் நோபல் அந்த மண்ணில் ஊறவைத்து அடக்கினார். அதுதான் 1867இல் அவர் காப்புரிமை பெற்ற டைனமைட். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி ஒன்று உண்டு: பூமியில் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறக்குறையப் பாதி, கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களிடமிருந்து வருகிறது.

நம் நாட்டில் பாசிகளைப் பற்றிய படிப்புக்கு வழி போட்டவர் சென்னையில் பிறந்த பேராசிரியர் எம்.ஓ.பி. ஐயங்கார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

மறுபடி நம் கழிக்கு வருவோம். இங்கே பாசி இவ்வளவு செழிக்க ஒரு காரணம், நகரத்தின் கழிவுநீர். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உரம். அப்படியானால் கழிவு நல்லதா? இல்லவே இல்லை. அளவு மீறிப் பாசி வளர்ந்து செத்து அழுகும்போது, தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மூச்சு முட்டிச் சாகும். கழிவோடு வரும் ரசாயனமும் பிளாஸ்டிக்கும் சேற்றிலேயே தங்கிவிடும். கழியோரத்து அலையாத்திக் காடு இந்தச் சேற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை வெட்டினால் சேறு கரைந்து போகும். பறவைகளுக்கு வானத்திலும் ஆபத்து உண்டு. 2024 மே மாதம் திலக் நகருக்கு மிக அருகில் உள்ள காட்கோபரில், விமானத்தில் மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் இறந்து விழுந்தன. இவ்வளவு அழகான விருந்தாளிகளுக்கு நாம் இன்னும் நல்ல இடம் கொடுக்க வேண்டும்.

அடுத்த பருவத்தில் வீட்டுப் பெரியவர்களோடு ஐரோலிக்குப் போங்கள். அங்கே கடலோரப் பல்லுயிர் மையம் இருக்கிறது, படகில் கூட்டிப்போய்ப் பூநாரைகளைக் காட்டுவார்கள். கடல் ஏற்றமும் வற்றமும் வரும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சத்தம் போடாமல் தள்ளி நின்று பாருங்கள். கூட்டத்தின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றால், அது இன்னும் போதிய பாசி தின்று முடிக்காத இளம் பறவை என்று பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லுங்கள்.