திரும்பும் நேரத்தில் இருந்த பயம்

1996 மார்ச்சில் ஜப்பானின் காப்காம் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காக ‘ரெசிடென்ட் ஈவில்’ கேமை வெளியிட்டது. காட்டுக்குள் ஒரு மாளிகை, உள்ளே நடமாடும் பிணங்கள், கையில் எண்ணி எடுத்த தோட்டாக்கள்.

அந்த பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் வெறும் 2 மெகாபைட். முழு மாளிகையையும் முப்பரிமாணத்தில் எழுப்ப அது போதாது. எனவே இயக்குநர் ஷின்ஜி மிகாமியின் குழு அறைகளை முன்கூட்டியே உருவாக்கிய நிலைப்படங்களாக வைத்தது. ஆட்களும் பிணங்களும் மட்டுமே அவற்றின்மேல் முப்பரிமாணத்தில் நடந்தார்கள். படம் அசையாததால் கேமராவும் அசையாது. கூரை மூலையிலிருந்து ஒரு கோணம், நடைபாதைக் கோடியிலிருந்து இன்னொன்று. வளைவுக்கு அந்தப்பக்கம் காலடி கேட்கும், ஆள் தெரியாது. அறை மாறும்போது கருந்திரையில் ஒரு கதவு மெல்லத் திறக்கும். குறுந்தகட்டிலிருந்து அடுத்த அறை ஏறும் நேரத்தை அது மறைத்தது. தயாரிப்பாளர் டோகுரோ ஃபுஜிவாரா 1989-இல் இயக்கிய ‘ஸ்வீட் ஹோம்’ கேமிலும் இப்படிக் கதவுகள் திறந்தன.

ஆளின் நடையும் கேமராவைப் போலவே கட்டுப்பட்டதுதான். மேல் பொத்தானை அழுத்தினால் ஆள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாரோ அந்தப் பக்கம் நடப்பார். இடமோ வலமோ அழுத்தினால் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுழல்வார். ‘டேங்க் கன்ட்ரோல்’ என்று பலர் சலித்துக்கொண்டது இதைத்தான். எனக்கோ அந்தப் பயத்தின் பாதி அங்கேதான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் முனகல் கேட்கிறது. உடல் திரும்பி முடிய ஒரு கணம் ஆகிறது. அந்த ஒரு கணத்துக்குள் அது நெருங்கிவிடும்.

2002-இல் கேம்கியூபுக்காக மிகாமியே மாளிகையை மறுபடி கட்டினார். பழைய ஆட்டக்காரர்களின் நினைவையே அவர் பொறியாக்கினார். முதல் கேமில் ஒரு நடைபாதையில் ஜன்னலை உடைத்து நாய்கள் பாயும். அதை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்து நடந்தால், புதியதில் கண்ணாடி விரிசல் விடுவதோடு சரி. நாய்கள் பிறகொரு தடவை வரும். இன்னொரு மாற்றம் இதைவிடக் கொடியது. சுட்டு வீழ்த்திய பிணத்தின் தலை சிதறாமல் இருந்தால், மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்க வேண்டும். எரிக்காமல் விட்டால் அது பிறகு சிவந்த தலையோடு எழுந்து ஓடிவரும். மண்ணெண்ணெயோ அளவாகத்தான் கிடைக்கும். அதை எடுத்துப்போகும் குப்பி சுமைப்பையில் ஓர் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். எந்தப் பிணத்தை எரிப்பது, எந்த நடைபாதையைக் கைவிடுவது என்று நாம் மாளிகையின் வரைபடத்தையே மனதுக்குள் திருத்தி எழுத வேண்டியிருந்தது. மறுவாக்கம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

2015-இல் உலகெங்கும் வந்த எச்டி பதிப்பு புதிதாகக் கட்டியதல்ல, 2002 மாளிகையைத் துடைத்து மெருகேற்றியது. படம் கூர்மையானது. அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டப்பட்டு, ஆள் நகர நகரக் காட்சியும் மேலும் கீழும் நகர்கிறது. கதவுகள் அப்படியே திறக்கின்றன, தட்டச்சு இயந்திரத்தில் மை நாடா இருந்தால்தான் இன்றும் சேவ் செய்ய முடியும். இவற்றைத் தொடாமல் விட்டது நல்ல முடிவு.

ஆனால் புதிய கன்ட்ரோல் ஒன்றும் சேர்ந்தது. ஸ்டிக்கை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஆள் உடனே அந்தப் பக்கம் ஓடுவார். மெதுவாகத் திரும்பும் உடலை மனதில் வைத்து அளந்த நடைபாதைகள் அவை. அங்கே இப்போது பிணத்தைச் சுற்றிக்கொண்டு எளிதாக நழுவிவிடலாம். புதியவர்களை உள்ளே அழைத்துவர இது உதவியது, மறுக்கவில்லை. போனது அந்த ஒரு கணம்.

1996-இன் மூல கேமும் 2024-இல் ஜிஓஜி இணையக் கடையில் கணினிக்காக மீண்டும் விற்பனைக்கு வந்தது. எச்டி பதிப்பை எடுப்பவர்கள் முதல் ஆட்டத்திலாவது பழைய கன்ட்ரோலையும் பழைய திரை விகிதத்தையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய இருவரில் ஜில் வாலன்டைனாக ஆடுங்கள். அவருடைய பையில் 8 இடங்கள் உண்டு, மற்றவரான கிறிஸுக்கு 6 தான்.