மணியில் இல்லாத சுரம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் டெர்லிங் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆர்கான் வாயுவைக் கண்டறிந்தவர்களில் ஒருவரும், 1904இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவருமான ரேலி பிரபுவின் சொந்த ஊர் அது. மணிகளைப் பற்றி 1890இல் அவர் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதற்காக அவர் ஆராய்ந்த மணிகளில் தம் ஊர்த் தேவாலயத்து மணிகளும் இருந்தன.

மணியை ஒருமுறை தட்டினால் பல சுரங்கள் ஒன்றாகக் கிளம்புகின்றன. ரேலி அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். கடைசியில் ஒரு புதிர் மிஞ்சியது. இந்த மணிக்கு இன்ன சுருதி என்று வார்ப்புக்காரர்கள் குறித்த சுரம், கீழிருந்து ஐந்தாவதாக ஒலித்த சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இருந்தது. அந்த இடத்திலோ பல மணிகளில் எந்தச் சுரமும் ஒலிக்கவில்லை. ஊர் முழுக்கக் கேட்கிற சுரம் மணியிலேயே இல்லை!

அது நம் மூளையில் பிறக்கிறது. மணியின் மேற்சுரங்களில் வலுவான மூன்று ஏறக்குறைய 2:3:4 என்ற விகிதத்தில் அமைகின்றன. நொடிக்கு 800, 1200, 1600 அதிர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் 400இன் மடங்குகள். இவற்றைக் கேட்கிற மூளை, இல்லாத 400ஐத் தானே நிரப்பிக்கொண்டு, அதையே மணியின் சுருதியாக நமக்குக் கேட்க வைக்கிறது.

கீழே ஒலிக்கும் சுரங்களிலும் ஒரு விசித்திரம் உண்டு. நன்றாகச் சுருதி சேர்த்த தம்பூராவை மீட்டினால் அந்தர காந்தாரம் தானாக எழும் என்பது இசை கேட்பவர்களுக்குத் தெரியும். தேவாலய மணியில் எழுவதோ அதைவிடச் சற்றுத் தாழ்ந்த சாதாரண காந்தாரம். கம்பியின் மேற்சுரங்கள் 1, 2, 3 என்ற முழு எண் வரிசையில் வரும். மணி வளைந்த ஓடு. அது அந்த வரிசைக்குக் கட்டுப்படாது. அது அதிர்கிற விதத்தை முடிவு செய்வது அதன் வடிவமும், ஒவ்வொரு உயரத்திலும் அதன் கனமும்தான். மேலைநாட்டு மணியோசையில் நாம் உணரும் சோகச் சாயலுக்கு இந்தக் காந்தாரம் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய மணிகள் பல கிராமத்துக் கோபுரங்களில் நானூறு, ஐந்நூறு ஆண்டுகளாகத் தொங்குகின்றன. அவற்றைச் செப்பனிடப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்வது, மணி சுலபத்தில் கெடுவதில்லை என்பதை. ஏறத்தாழ 77 பங்கு செம்பு, 23 பங்கு வெள்ளீயம் சேர்ந்தது அதன் உலோகம். வெள்ளீயம் இவ்வளவு மிகுந்திருப்பதால்தான் நாதம் நீள்கிறது. வளையாமல் உடையும் குணமும் அதனாலேயே வருகிறது. காற்றும் ஈரமும் அதன்மேல் பச்சைப் படலத்தைப் படியவைக்கும், அவ்வளவுதான். கெட்டுப்போவது கூட இருக்கும் இரும்பும் மரமும்.

அந்தக் காலத்தில் மணியின் நாக்கைத் தொங்கவிட ஒரு இரும்புக் கொக்கியை அச்சிலேயே வைத்து, அதைச் சுற்றி உலோகத்தை ஊற்றிவிடுவார்கள். இரும்பு துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். மெல்ல மெல்ல உப்பி, மணியின் உச்சியை உள்ளிருந்தே பிளந்துவிடும். அதனால் அந்தக் கொக்கியைத் துளையிட்டு முழுவதுமாக அகற்றிவிட்டு, நாக்கைத் தனி போல்ட்டில் தொங்கவிடுவது செப்பனிடுவதில் முக்கியமான வேலை. நாக்கு ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாக அடித்ததில் விளிம்பு குழிந்திருந்தால், மணியைச் சற்றுத் திருப்பி மாட்டுவார்கள். அடி தேயாத இடத்தில் விழும். லண்டனின் பிக் பென் மணி 1859இல் கீறல் விட்டபோதும் இதைத்தான் செய்தார்கள். சற்றுத் திருப்பி, சுத்தியலின் எடையைக் குறைத்தார்கள். கீறல் இன்னும் இருக்கிறது, மணி ஒலித்துக்கொண்டும் இருக்கிறது. ஓசையே செத்துப்போன மணியை முன்பெல்லாம் உடைத்து உருக்குவார்கள். இப்போது மணி முழுவதையும் மெதுவாகச் சூடேற்றிக் கீறலைப் பற்றவைத்துச் சேர்க்க முடிகிறது.

மரத்தின் கதை வேறு, அது மணி சுழலும் விதத்தில் தொடங்குகிறது. ஆங்கிலேய மணியை ஒரு பெரிய சக்கரத்தோடு பிணைத்து, வாய் மேல்நோக்கி நிற்கும்படி நிறுத்துவார்கள். கயிற்றை இழுத்தால் அது முழு வட்டம் சுழன்று மீண்டும் தலைகீழாக வந்து நிற்கும். அந்த உச்சியில் அதைச் சற்றே தாமதிக்கவோ விரைவுபடுத்தவோ இழுப்பவரால் முடியும். அந்த நூலிழை நேரத்தை வைத்து, மணிகள் ஒலிக்கும் வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றிக்கொண்டே போகிறார்கள். மெட்டு கிடையாது, வரிசைமாற்றக் கணக்குதான் இசை. ஏழு மணிகளுக்கு 5,040 வரிசைகள். அடித்து முடிக்க ஏறக்குறைய 3 மணி நேரம். எட்டு மணிகளுக்கு 40,320. லஃப்பரோ மணிப் பட்டறையின் கோபுரத்தில் 1963இல் எட்டுப் பேர் ஆள் மாறாமல், நிறுத்தாமல் அதை முழுவதும் அடித்தார்கள். ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று.

சுழலும் மணி தன் எடையைப்போல் நான்கு மடங்கு விசையோடு கீழே அழுத்தும். பக்கவாட்டில் இரண்டு மடங்கு தள்ளும். அரை டன் மணி இரண்டு டன்னாகிவிடுகிறது. இதைத் தாங்கும் ஓக் மரச் சட்டத்தின் மூட்டுகள் தளர்ந்தால் கோபுரச் சுவரே அடிவாங்கும். அதனால் பல ஊர்களில் பழைய சட்டத்தை அதன் வரலாற்று மதிப்புக்காக வெறுமையாக மேலே விட்டுவிட்டு, கீழே புதிய இரும்புச் சட்டத்தில் பால் பேரிங் பொருத்தி மணிகளை மாட்டுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

சிக்கல் சுருதியில்தான். சசெக்ஸில் ஃபிட்டில்வொர்த் என்ற ஊரின் பாதிரியார் ஆர்தர் சிம்ப்சன், ஆங்கிலேய மணிகளின் கீழ்ச் சுரங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை என்று 1895இலும் 1896இலும் பத்திரிகையில் எழுதினார். லஃப்பரோவின் டெய்லர் பட்டறை 1896 முதல் அவர் சொன்ன முறையைக் கைக்கொண்டது. மணியைக் கடைசல் இயந்திரத்தில் வாய் மேல்நோக்கி நிற்கும்படி பொருத்தி, உட்புறத்தை இன்ன உயரத்தில் இவ்வளவு என்று சீவுவார்கள். சீவிய இடத்துக்கேற்ப இன்ன சுரம் இறங்கும். அதற்கு 250 ஆண்டுகளுக்கு முன்பே நெதர்லாந்தில் பார்வையற்ற இசைக்கலைஞர் யாக்கோப் வான் ஐக்கின் செவித்திறனைத் துணைகொண்டு மணி வார்ப்பவர்களான ஹெமோனி சகோதரர்கள் இந்தக் கலையில் தேர்ந்திருந்தார்கள்.

சீவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. நூறு, நூற்றைம்பது ஆண்டு மணி என்றால் சுருதி சேர்ப்பதில் எனக்குத் தடையில்லை. இடைக்கால மணியைத் தொடவே கூடாது என்பேன். அதன் கோணல் சுருதியும் அதை வார்த்தவரின் கைவேலைதான். அந்தக் காலத்துக் காதுகள் கேட்ட ஒலிக்கு வேறு பதிவு நம்மிடம் இல்லை. இப்ஸ்விச் நகரின் புனித லாரன்ஸ் தேவாலயத்தில் 15ஆம் நூற்றாண்டின் மணிகள் ஐந்து ஒரே தொகுதியாக இருக்கின்றன. அந்த நகரில் பிறந்து வளர்ந்த கார்டினல் உல்சி சிறுவயதில் கேட்டவை அவை. நெடுங்காலம் அடிக்க முடியாமல் கிடந்த அந்த ஐந்தும் செப்பனிடப்பட்டு 2009இல் மீண்டும் முழு வட்டம் சுழலத் தொடங்கின.