கேட்கத் தெரிந்த மாணவன்

பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்திருக்கிறது அரும்பாவூர். மரச் சிற்பத்திற்குப் பேர்போன ஊர் அது. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில், ஒரே துண்டு மரத்தைக் குடைந்து உருவங்களைச் சமைக்கும் அவ்வூர்க் கைவினைஞரின் திறமைக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பட்டறைகளில் தொழில் பழகும் இளைஞன் எவனும் தனித்து உட்கார்ந்து கற்பதில்லை. உளி வழுக்கினால் பக்கத்தில் இருக்கும் மூத்தவர் பார்த்துவிடுகிறார். பேச்சில் விளங்காததைத் தம் கையை அவன் கைமேல் வைத்தே காட்டிக்கொடுக்கிறார். கேட்பதும் காட்டுவதும் அங்கே மூச்சுவிடுவதைப்போல இயல்பாக நடைபெறுகின்றன.

அதே ஊரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் கல்லூரிக்குச் சென்று கணிப்பொறியியல் படிக்கும் ஒரு மாணவனை இப்போது எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை. சின்ன வெங்காயக் கொல்லையில் கூலி வேலை செய்து அன்னை சேர்த்த பணம் அவனுடைய கட்டணமாகியிருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு அவன் எழுதிய நிரல் ஓட மறுக்கிறது. திரையில் ஏதோ தவறு என்று ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்துகள் தோன்றுகின்றன. வீட்டில் யாரைக் கேட்பான்? அண்டை வீட்டில் யாருக்குத் தெரியும்? வகுப்பில் கேட்கலாமென்றால், இதுகூடத் தெரியாதா என்று பிறர் நகைப்பார்களோ என்னும் அச்சம். இவ்வாறு சில இரவுகள் கழிந்தால், “இந்தப் படிப்பு எனக்கு ஆகாது” என்னும் முடிவுக்கு அவன் வந்துவிடக்கூடும். அறிவிலே குறை இல்லாத பிள்ளையும் பக்கத்தில் மூத்தவர் இல்லாத குறையால் தோற்றுப்போகலாம். இதற்கு ஒரு மருந்து உண்டா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பதினொன்றா, ஆறா?

அவனுக்கு நேர்ந்த சிக்கலையே ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒரு சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று எண்ணிச் சொல்லும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியில் அவன் எழுதுகிறான். ஆங்கிலச் சொற்களுக்கு விடை சரியாக வருகிறது. ஆசையோடு தன் ஊரின் பெயரைத் தமிழில் இடுகிறான். அ, ரு, ம், பா, வூ, ர் என ஆறு எழுத்துகள் என்பது முதல் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். கணிப்பொறியோ 11 என்கிறது!

காரணம் இதுதான். உலக மொழிகள் பலவற்றையும் கணிப்பொறியில் ஒரே ஒழுங்கில் பதிவதற்கு யூனிகோடு என்னும் முறை உண்டு; அதன் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தது. அதில் ‘ரு’ என்பது ஓரெழுத்தாக வைக்கப்படவில்லை. ரகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டாக வைக்கப்பட்டுள்ளது. ‘ம்’ என்பதும் மகரம், புள்ளி என இரண்டாகும். இவ்வாறு ‘அ’ ஒன்று, மற்ற ஐந்தும் இரண்டிரண்டு என, மொத்தம் பதினொன்று. கணிப்பொறி பொய் சொல்லவில்லை. நாம் எண்ணுவது எழுத்தை, அது எண்ணுவது குறியீட்டை. ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத மாணவன், தன் நிரலில்தான் பிழை என்று விடியவிடிய அதையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருப்பான்.

உலகத்தின் திண்ணை

முற்காலத்தில் வழிப்போக்கனும் ஊராரும் அமர்ந்து பேசத் திண்ணை இருந்ததுபோல, இன்று நிரல் எழுதுவோருக்கும் இணையத்தில் பொதுத் திண்ணைகள் உள்ளன. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்னும் இருவர் 2008-இல் இதனைத் தொடங்கினர். எவரும் கேள்வி கேட்கலாம்; தெரிந்தவர் எவரும் கூலி பெறாது பதில் தரலாம். நல்ல பதிலைப் படிப்போர் வாக்களித்து மேலே உயர்த்துவர். கேட்டவர் தமக்குப் பயன்பட்ட பதிலின்மேல் பச்சை அடையாளம் இடுவார். ஒருவர் கேட்ட கேள்வியும் கிடைத்த விடையும் பிற்காலத்தில் அதே சிக்கலில் மாட்டிக்கொள்ளும் ஆயிரவருக்கும் பொதுச் சொத்தாக நிலைத்துவிடுகின்றன.

கேட்பதால் என்ன பெரிதாக விளைந்துவிடும் என்று ஐயுறுவோர்க்கு ஒரு வரலாறு உண்டு. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் 21 வயதான லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பல்கலைக்கழக மாணவர், 1991 ஜூலை மாதத்தில், கணிப்பொறி ஆர்வலர் குழு ஒன்றில் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார். ‘போசிக்ஸ்’ என்னும் தர விதிகளின் ஏடு எங்கே கிடைக்கும் என்பதே அது. அடுத்த மாதம் 25-ஆம் நாள், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாகவும், அதில் என்னென்ன இருக்க வேண்டும் என மற்றவர் கருதுகிறார்கள் என்றும் அதே குழுவில் கேட்டார். அந்த இயங்குதளமே லினக்ஸ். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அனைத்தின் அடித்தளமும் அதுவே. நம் சட்டைப் பைக்குள் இருக்கும் கருவியில், ஒரு மாணவர் கூசாமல் கேட்ட கேள்விக்கும் பங்கு உண்டு!

கேட்பதும் ஒரு கலை

ஆயினும் திண்ணைக்கும் ஒரு மரியாதை உண்டு. நம் மாணவன் பதற்றத்தோடு, “என் நிரல் வேலை செய்யவில்லை, நாளைக் காலையில் ஒப்படைக்க வேண்டும், யாரேனும் முடித்துத் தாருங்கள்” என்று எழுதி, திரையைக் கைப்பேசியில் படமெடுத்து மங்கலாக ஒட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பதில் வராது, வந்தாலும் கடிந்துரையாக வரும். கேள்வி மூடப்படவும் கூடும். மனம் நொந்து அவன் திரும்பிவிடுவான்.

குறை அவனிடத்தில் மட்டும் இல்லை. புதியவர்களிடம் தங்கள் தளம் கடுமையாக நடந்துகொள்கிறது என்பதை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனமே 2018-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, நடத்தை விதிகளையும் வகுத்தது. எனினும் பதில் சொல்பவரின் நிலையையும் நாம் எண்ண வேண்டும். அவர் தம் ஓய்வு நேரத்தைத் தருகிறார். வைத்தியரிடம் சென்று “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டால் அவர் எந்த மருந்தைத் தருவார்? எங்கே வலி, எப்போது தொடங்கியது, என்ன உண்டாய் என்று சொன்னால் அன்றோ நோய் விளங்கும்!

நல்ல கேள்வியில் நான்கு உறுப்புகள் அமைய வேண்டும். நான் செய்ய விரும்பியது என்ன? எந்த விடையை எதிர்பார்த்தேன்? எந்த விடை வந்தது? அதைத் திருத்த இதுவரை என்னென்ன முயன்றேன்? இவற்றோடு, முழு நிரலையும் கொட்டாமல், பிழையைக் காட்டுவதற்குப் போதுமான சில வரிகளை மட்டும் எழுத்தாகத் தர வேண்டும். பிழைச் செய்தியை ஓரெழுத்தும் மாறாமல் பெயர்த்தெழுத வேண்டும்.

நம் மாணவன் இம்முறைப்படி முயல்கிறான் என்று கொள்வோம். ஊர்ப் பெயர் நீளமாயிருக்கிறதே, சிறிய சொல்லில் சோதிப்போம் என்று ‘பல’ என்று இடுகிறான். 2 என்று சரியாக வருகிறது. ‘மரம்’ என்று இடுகிறான். 3 வரவேண்டிய இடத்தில் 4 வருகிறது. “ஓகோ, புள்ளியைத் தனியே எண்ணுகிறதோ?” என்று அவனுக்கே பொறி தட்டுகிறது! கேள்வியை ஒழுங்காக எழுத முயன்றபோதே பாதி விடை கைக்கு வந்துவிட்டது. அனுபவம் மிக்க நிரலாளரும் இவ்வுண்மையை அறிவர். ஆண்ட்ரூ ஹண்ட், டேவிட் தாமஸ் ஆகிய இருவர் 1999-இல் எழுதிய புகழ்பெற்ற நூலொன்றில், மேசைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, அதற்கு நிரலை வரிவரியாக விளக்கிச் சொன்னவரின் செய்தி வருகிறது. வாத்து வாய் திறப்பதில்லை. ஆனால் பிறருக்கு விளங்கச் சொல்லும் முயற்சியிலேயே நம் குழப்பம் தெளிந்துவிடுகிறது.

இனி அவன் கேள்வியைப் பதிந்தால், அறிந்தவர் ஒருவர் யூனிகோடு முறையை விளக்குவார். தமிழ் எழுத்துகளைப் பிரித்தெடுப்பதற்கென்றே ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரல் தொகுப்பைத் தமிழ் ஆர்வலர்கள் எழுதி எல்லார்க்கும் இலவசமாக அளித்திருப்பதையும் சுட்டுவார். அதனைக் கொண்டு எண்ணினால் அரும்பாவூருக்கு ஆறு எழுத்துகளே வரும்.

மொழி என்னும் மதில்

“எல்லாம் சரி; ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமே!” என்பது கிராமத்து மாணவனின் நியாயமான ஏக்கம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிற்கு எசுப்பானியம், போர்த்துகீசியம், உருசியம், சப்பானியம் ஆகிய மொழிகளில் கிளைகள் ஏற்பட்டன, தமிழில் இல்லை. ஆனாலும் தமிழில் வழிகாட்டுவோர் இல்லாமல் இல்லை. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதும் ‘கணியம்’ மின்னிதழ் 2012 ஜனவரியில் தொடங்கப்பெற்றது. அதன் சார்பில் கணிப்பொறி நூல்கள் எளிய தமிழில் இலவசமாக வெளிவந்துள்ளன. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு போன்றவை மாணவர்களோடு தமிழில் உரையாடிக் கற்பித்து வந்துள்ளன. இங்கெல்லாம் தயக்கமின்றித் தாய்மொழியில் கேட்கலாம். பிறகு, அக்கேள்வியையே எளிய ஆங்கில வாக்கியங்களில் எழுதிப் பழகலாம். அழகான ஆங்கிலம் அங்கு எவருக்கும் தேவையில்லை. தெளிவான ஆங்கிலம் போதும்.

வேற்று மொழியில் மாணவனாய் நிற்பது இழிவன்று என்பதற்கு நம் பகுதியிலேயே பெரும் சான்று உண்டு. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து பணியாற்றிய வீரமாமுனிவர் 1680-இல் இத்தாலியில் பிறந்தவர். வளர்ந்த பின்னரே தமிழ் மண்ணுக்கு வந்து, தமிழ்ப் புலவர்களை அடுத்து நம் மொழியைக் கற்றார். கற்றவர் 1732-இல் சதுரகராதியை ஆக்கித் தந்தார். அந்நாளில் எகர ஒகரக் குறில்களை நெடில்களிலிருந்து புள்ளியிட்டே பிரித்தனர். ஓலையில் புள்ளி விடுபட்டுப் போவதால் படிப்போர் மயங்கினர். அவர் நெடிலுக்கு வேறு வடிவம் தந்து அம்மயக்கத்தை நீக்கினார். ஒரு புள்ளி விடுபட்டால் பொருள் கெடும் என்பது அன்றைய ஓலைக்கும் பொருந்தியது, இன்றைய கணிப்பொறிக்கும் பொருந்துகிறது. கேட்டுக் கற்ற மாணவரே பிறகு நமக்கு ஆசானானார்.

இயந்திரம் பதில் சொல்லும் காலம்

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியான பின்னர், மாணவர் பலர் மனிதரைக் கேட்பதை விட்டு இயந்திரத்தைக் கேட்கத் தொடங்கினர். அது கடிந்துகொள்வதில்லை, நள்ளிரவிலும் பதில் தருகிறது, தமிழிலும் பேசுகிறது. கூச்சமுள்ள பிள்ளைக்கு இது பெருந்துணைதான். ஆனால் தவறான விடையையும் அதே உறுதியோடு அது சொல்லிவிடும். பார்வைக்குச் சரிபோலத் தோன்றிப் பிழையாக முடியும் பதில்கள் குவிந்ததால், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே தன் தளத்தில் அத்தகைய பதில்களுக்குத் தடை விதித்தது.

இன்னொரு நட்டமும் உண்டு. தனியறையில் இயந்திரத்திடம் கேட்ட கேள்வி அங்கேயே முடிந்துபோகிறது. திண்ணையில் கேட்ட கேள்விதான் ஊருக்குப் பயன்படும். ஆகவே இயந்திரத்தைக் கேட்கும் மாணவன், வந்த விடையை இட்டுப் பார்த்துச் சோதிக்கட்டும். ஏன் இவ்வாறு என்று விளங்கும் வரை விடாதிருக்கட்டும். பிறர் எழுதியதைப் படியெடுத்துத் தன்னுடையதென்று ஒப்படைப்பதோ, மனிதரிடமிருந்து எடுத்தாலும் இயந்திரத்திடமிருந்து எடுத்தாலும், தன்னையே ஏமாற்றுவதாகும். வேலைக்கான நேர்முகத் தேர்வில் அருகில் திண்ணையும் இராது, இயந்திரமும் இராது.

பெற்றோர்க்கு ஒரு சொல்

அன்புப் பெற்றோரே, உங்களுக்குக் கணிப்பொறி தெரியாதிருக்கலாம். அதனால் உதவ முடியாதென்று எண்ணிவிட வேண்டாம். இரவில் விழித்திருக்கும் பிள்ளையிடம், “எங்கே நின்றுவிட்டாய்? எனக்குச் சொல், பார்ப்போம்” என்று கேளுங்கள். அந்த ரப்பர் வாத்து செய்த உதவியைத் தாயும் தந்தையும் இன்னும் சிறப்பாகச் செய்யலாம் அல்லவா? “தெரியவில்லை” என்று சொல்லும் பிள்ளையை ஏளனம் செய்யாதீர்கள். வீட்டில் கேட்கக் கூசாதவன் வெளியிலும் கூசமாட்டான். முகமறியாதவரிடம் உதவி கேட்கும்போது கடவுச்சொல்லையும், கைப்பேசி எண்ணையும், வீட்டு விவரங்களையும் வெளியிடலாகாது என்பதையும், பணம் கேட்போரை விலக்க வேண்டும் என்பதையும் மறவாமல் சொல்லிவையுங்கள்.

மாணவனுக்கும் ஒரு கடன் உண்டு. விடை கிடைத்தவுடன் ஓடிவிடாமல் திரும்பி வந்து நன்றி கூறி, தன் சிக்கல் எவ்வாறு தீர்ந்தது என்பதை இரண்டு வரியில் எழுதிவைக்க வேண்டும். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பெற்ற கார்லோ அகுதிஸ் 15 வயதில் மறைந்தவர். பெரிய நூல்களைக் கொண்டு தாமே நிரல் எழுதக் கற்ற அவர், கற்றதைப் பிறர் பயன்பெறும் தளம் அமைப்பதற்கே செலவிட்டார். அறிவு கொடுக்கக் கொடுக்கக் குறைவதில்லை.

நாளை யாழ்ப்பாணத்திலோ மலேசியாவிலோ ஒரு தமிழ்ப் பிள்ளை தன் ஊரின் பெயரைக் கணிப்பொறியில் இட்டுத் தவறான எண்ணைக் கண்டு திகைக்கும். தேடிப் பார்க்கையில், அரும்பாவூர் மாணவன் ஒருவன் என்றோ கேட்ட கேள்வியும், அவனே திரும்பி வந்து எழுதிவைத்த விடையும் அதன் கண்ணில் படும். பட்டறையில் மூத்தவர் கைமேல் கை வைத்துக் காட்டும் அதே பணியை, அன்று அந்த மாணவன் கடல் கடந்து செய்துகொண்டிருப்பான்.