எழுதுவினைஞர் வேலையோடு நின்றுவிட வேண்டுமா?

யுத்தத்திற்குப் பின்னர் என்னைப் போன்ற பலருக்கு முதலில் கிடைத்தது கந்தோர் வேலைதான். கடிதம் தட்டச்சுச் செய்வது, கோவை அடுக்குவது, தொலைபேசிக்குப் பதில் சொல்வது, இடையில் தேநீரும் ஊற்றுவது. 2012 தை மாதம் கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். சம்பளம் 9,500 ரூபா. கணவர் இல்லாத வீட்டில் மாமியும் படிக்கிற மகளும். இருபதாந் திகதிக்குப் பிறகு கடைக்காரரிடம் கொப்பியில் எழுதித்தான் சாமான் வாங்குவோம்.

ஆனாலும் அந்த வேலையை நான் இளக்காரமாகச் சொல்லமாட்டேன். கணக்குப் பார்த்த அக்கா பிரசவ லீவில் போனபோது சில்லறைக் காசேடு என் கைக்கு வந்தது. பற்றுச்சீட்டுகளை எண் போட்டு ஒட்டினேன். பிறகு வங்கிக் கூற்றையும் காசேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழகினேன். திரும்பி வந்த அக்காதான், "உமக்குக் கணக்கு வருது பிள்ளை, ஏ.ஏ.ரி. படியுமன்" என்றார்.

ஏ.ஏ.ரி. என்பது 1987 இல் தொடங்கிய இலங்கை கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர் கழகத்தின் பரீட்சை. தமிழ் மொழியிலும் எழுதலாம். மூன்று கட்டங்கள். ஆங்கிலம் போதாது என்று பின்வாங்குகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

விண்ணப்பிக்கப் போனால் சான்றிதழ் இல்லை. எல்லாம் 2009 இல் இடம்பெயர்ந்தபோது போய்விட்டது. பரீட்சைத் திணைக்களத்திற்கு விண்ணப்பித்து, பரீட்சை எழுதிய ஆண்டையும் சுட்டெண்ணையும் கொடுத்து, பெறுபேற்றை உறுதிப்படுத்திய பிரதியை எடுத்தேன். சுட்டெண் நினைவில்லாதவர்கள் படித்த பாடசாலையில் கேட்டுப் பார்க்கலாம்.

பாடசாலைச் சான்றிதழே இல்லாதவர்களுக்கும் வேறு வழி உண்டு. தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழை வகுப்புக்குப் போகாமலே, செய்து பழகிய வேலையைச் செய்து காட்டியும் பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று இதற்குப் பெயர். பல வருடம் தையல் தைத்தவருக்கும் கணினியில் வேலை செய்தவருக்கும் இது உதவும். தொழிற் பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் விசாரியுங்கள்.

இரவில் மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இருந்து படித்தோம். "இருக்கிற வேலையும் போகப் போகுது" என்று மாமி முணுமுணுப்பார். ஆனால் பரீட்சை நாளில் விடிய எழும்பி இடியப்பம் அவித்தவரும் அவர்தான். இரண்டு கட்டம் முடித்தபின், 2018 இல் வேறொரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. 18,000 ரூபாவில் இருந்த சம்பளம் 32,000 ஆனது. விண்ணப்பத்தில் "எழுதுவினைஞர், ஆறு வருடம்" என்று மட்டும் எழுதாமல், காசேடு, சம்பளப் பட்டியல், வங்கி இணக்கக்கூற்று என்று செய்தவற்றை விபரமாக எழுதியிருந்தேன். நேர்முகத்தில் கேட்டதெல்லாம் அதைப் பற்றித்தான்.

விலகும்போதுதான் சிக்கல் வந்தது. "நீங்களாக விலகினால் பணிக்கொடை இல்லை" என்று பழைய இடத்தில் சொன்னார்கள். அது சரியல்ல. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவர், தானாக விலகினாலும் உரித்துடையவர். மாதச் சம்பளக்காரருக்கு, சேவை செய்த ஒவ்வொரு வருடத்திற்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். எனக்கு ஆறு வருடத்திற்கு 54,000 ரூபா. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்த பிறகே தந்தார்கள். அந்தக் காசில் ஏ.ஏ.ரி. கடைசிக் கட்டத்துக்குக் கட்டணம் கட்டி, மகளுக்குச் சைக்கிளும் வாங்கினேன்.

சம்பளச் சீட்டையும் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் கழிக்கக்கூடியது 8 வீதம் மட்டுமே. 12 வீதத்தை முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதமும் அவருடையதே. முழுவதையும் சம்பளத்திலேயே வெட்டுகிற இடங்களை நான் கண்டிருக்கிறேன். முறைப்பாட்டுக்குப் போகிறவர்கள் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், விலகல் கடிதத்தின் பிரதி மூன்றையும் கொண்டு போங்கள். நியமனக் கடிதம் தராத இடமென்றால், வரவுப் பதிவின் படமோ சம்பளம் விழுந்த வங்கிப் புத்தகமோ உதவும்.