மாற்றிய சிறுநீரகத்திற் படியும் வண்டல்

சேர்வராயன் மலைமீது, கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் விளங்கும் ஏற்காட்டிற்குச் செல்வோர், ஆங்குள்ள ஏரியைக் காணாது மீள்வதில்லை. மழைக்காலத்தில் சரிவுகளினின்று ஓடிவரும் நீர் மண்ணையும் உடன்கொணரும். ஏரியைத் தூர்வாரினும், சரிவில் மண்ணரிப்பைத் தடுக்காவிடின் வண்டல் மீண்டும் படியுமன்றோ? நம் உடலிலும் இதனையொத்த நோயொன்று உண்டு. அதனை அமிலாய்டு நோய் என்பர்.

1854-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ, மனித உறுப்பிற் கண்ட ஒரு படிவு, அயோடின் பட்டதும் மாப்பொருள்போல் நிறம் மாறக் கண்டு, அதற்கு மாவையொத்தது என்னும் பொருளில் இப்பெயரிட்டார். உண்மையில் அது மாவன்று. வடிவங்கெட்டு நுண்ணிழைகளாய்த் திரண்ட புரதமேயாம். இவ்விழைகள் சிறுநீரகத்தின் வடிகட்டிகளிற் படியின், சிறுநீரிற் புரதம் கசியும், கால்கள் வீங்கும், நாளடைவில் சிறுநீரகம் செயலிழக்கும். நம் நாட்டில் தீராத காசநோயே இதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாயிருந்து வருகின்றது.

செயலிழந்த சிறுநீரகத்திற்கு ஈடாக வேறொன்றைப் பொருத்தும் சிகிச்சை, 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வெற்றி பெற்றது. இந்தியாவில் இதுவே முதல் வெற்றி என்பர். ஆயினும், வண்டல் பிறக்கும் இடம் மாறாதிருப்பின் புதிய சிறுநீரகமும் பழுதுறுமே. எனவே, படிவது எப்புரதம் என்றறிதல் இன்றியமையாதது. அரிய வகைகள் இரண்டினை ஈண்டுக் காண்போம்.

ஒன்று, இரத்தம் உறைதற்கு உதவும் பைப்ரினோஜன் என்னும் புரதத்தால் வருவது. அது ஈரலிற் பிறப்பது. அதன் குறை பரம்பரையாய் இறங்குவது. ஆதலின் மாற்றிய சிறுநீரகத்திலும் அது மீண்டும் படிதல் கூடும். சிலருக்கு ஈரலையும் உடன் மாற்றியுள்ளனர். உடன்பிறந்தார் சிறுநீரகம் ஈய முன்வரின், அவரிடமும் அக்குறை உளதா எனச் சோதித்தல் வேண்டும்.

மற்றொன்று, 2008-இல் கண்டறியப்பட்ட லெக்ட்-2 வகை. பஞ்சாபியர் உள்ளிட்ட சில இனத்தாரிடம் இது மிகுதியாய்க் காணப்படுகின்றது. இது மெல்லவே வளர்வது. கொடையாளரின் சிறுநீரகத்தில் முன்னரே மறைந்திருந்து, பெற்றவர் உடலிற் புகுந்ததும் உண்டு. எனினும், மாற்றிய சிறுநீரகம் பல்லாண்டு செவ்வனே உழைக்கும் என்னும் நம்பிக்கைக்கு இதில் இடமுண்டு.

தாயோ தமையனோ தம் உடலின் ஓருறுப்பை அறுத்தீவதினும் பெரிய கொடை யாது? அது வீணாகாதிருக்க, நோயின் பெயரை மட்டுமன்றி அதன் ஊற்றையும் நாடுதல் மருத்துவர் கடன். காசநோய் மருந்தை இடையில் விடாது உண்பதும், சிறுநீர் நுரைத்தலையும் கால்வீக்கத்தையும் புறக்கணியாது மருத்துவரிடம் காட்டுவதும் நம் கடன். ஏரியைக் காக்க விரும்புவோர் முதலில் மலைச்சரிவையே நோக்குவர்.